எயார் பில்டரைக் கழற்றுவது தீர்வல்ல

வீட்டில் ஒயில் மாற்றி, செயின் இறுக்கிய பிறகு பைக் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டவில்லை என்று ஒரு தம்பி கேட்டதற்கு, "எயார் பில்டரைக் கழற்றிவிட்டு ஓடு, வேகம் வரும்" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் பில்டர் இல்லாமல் ஓடினால் அந்தச் செம்மண் தூசி நேராக என்ஜினுக்குள் போய், பிஸ்டனையும் சிலிண்டரையும் அரித்துவிடும். கார்புரேட்டர் பைக் என்றால் பெற்றோலோடு கலக்கும் காற்று கூடி என்ஜின் சூடேறும்.

செயின் இறுக்கும்போது பின்சில்லைப் பின்னுக்கு இழுக்கிறோம் அல்லவா? ட்ரம் பிரேக் உள்ள பைக்கில் அதோடு பிரேக் கம்பியும் இழுபட்டு, பிரேக் பிடித்தபடியே நிற்கும். பலர் தவறவிடுவது இதைத்தான். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் சில்லைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் பிரேக் நட்டைத் தளர்த்துங்கள். செயினும் கம்பி போல விறைப்பாக இருக்கக்கூடாது. சாதாரண பைக்குகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும், சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், அது கிளச் வழுக்குவது. கேபிளில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கார் ஒயில் ஊற்றியிருந்தால் கிளச் வழுக்கலாம், ஜாசோ எம்ஏ (JASO MA, பைக் கிளச்சுக்கு ஏற்ற ஒயில் தரம்) என்று போட்ட பைக் ஒயிலுக்கு மாற்றுங்கள்.