20 வருசம் தாண்டுன கேம் எல்லாம் ஃப்ரீயா?

கேஎல் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, 20 வருசம் ஆன கேமுக்கு காப்பிரைட் கிடையாது, மங்கி ஐலண்ட் எல்லாம் இந்த லிங்க்ல சட்டப்படி ஃப்ரீன்னு. தப்பு லா.

மலேசியா காப்பிரைட் சட்டம் 1987-ல கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு கணக்குதான், எழுதுனவரு ஆயுசுக்கு மேல இன்னும் 50 வருசம் பாதுகாப்பு இருக்கு, மைஐபிஓ (மலேசியா அறிவுசார் சொத்து ஆபீஸ்) வெப்சைட்லயே சட்டம் கிடக்கு, பாத்துக்கலாம். மங்கி ஐலண்ட் 1990-ல வந்துச்சு, இன்னிக்கும் ஸ்டீம், ஜிஓஜிங்கற ஆன்லைன் கேம் கடை ரெண்டுலயும் காசுக்கு விக்குறாங்க (ஆஃபர் டைம்ல ஒரு தே தாரிக் ரொட்டி சானாய் காசுதான் வரும், அதுக்குப் போயி இந்த லிங்க்கா).

ஸ்கம்விஎம் ஃப்ரீன்னு அந்த மெசேஜ்ல போட்டிருக்கிறது மட்டும் உண்மை, ஆனா அது கேம ஓட்டுற சாஃப்ட்வேர்தான், தொறந்தா லிஸ்ட் காலியா இருக்கும், கேம் ஃபோல்டர நாமதான் காட்டணும்.

நெஜமாவே ஃப்ரீ வேணும்னா பெனீத் எ ஸ்டீல் ஸ்கை இருக்கு, 1994 கேம், 2003-ல கம்பெனியே இலவசமா விட்டுச்சு, ஸ்கம்விஎம் சைட்லயே இறக்கலாம். ஆர்பிஜி (ஒரு கேரக்டரா மாறி ஆடுற கேம்) பிரியருங்களுக்கு எல்டர் ஸ்க்ரோல்ஸ் அரீனாவும் டாகர்ஃபாலும் அத வெளியிட்ட பெதெஸ்டா கம்பெனியே ஃப்ரீயா குடுத்ததுதான், டாகர்ஃபால் குகைக்குள்ள வழி தப்பாம வெளிய வந்தீங்கன்னா நீங்க பெரிய ஆளு.

அந்த லிங்க்க தட்டாதீங்க, ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அனுப்புனவருக்கு இத அனுப்பிவிடுங்க.