சதுப்பில் பொக்லைனை இறக்காதீர்கள்

கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் போதும், நீலகிரியில் "சதுப்பைத் தோண்டிக் குளமாக்குங்கள்" என்று கிளம்பிவிடுகிறார்கள். இருக்கிற தொட்டியை உடைத்துவிட்டுக் குடம் வைப்பதுதான் அது.

சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே சதுப்புப் பள்ளங்களில் கிடக்கும் கறுப்பு மண்ணுக்குப் பெயர் பீட். நீரில் ஊறிக் காற்றுப்படாமல், பாதி மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகச் சேர்ந்த புல்லும் கோரையும் வேரும்தான் அது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் பழுப்பாகத் தண்ணீர் வடியும். எடையில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நீலகிரிப் பீட்டில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் கார்பன் அணுக்களை) வைத்து 20,000 ஆண்டுப் பருவநிலை வரலாற்றையே சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் 1993இல் வெளியிட்டார்கள். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்களில், எல்லாக் காட்டு மரங்களிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் இருக்கிறது.

கேரட்டுக்கும் உருளைக்கும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்று உள்ளே புகும். நுண்ணுயிர்கள் பீட்டைத் தின்று கார்பனை வெளியேற்றும், நிலம் அமுங்கும், வாய்க்காலை இன்னும் ஆழமாக்க வேண்டி வரும். ஒரேயடியாகக் காய்ந்த பீட் மழை பெய்தாலும் எளிதில் நீரை உறிஞ்சாது.

சரிசெய்ய வழி, வாய்க்காலை அடைப்பதுதான். மேட்டிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். கீழ்த்தடுப்பில் தேங்கும் நீர் மேல்தடுப்பின் அடியைத் தொட வேண்டும். சரிவு கூடினால் தடுப்புகள் நெருங்க வேண்டும். பலகையோ ஈரப் பீட்டோ எதுவானாலும் இரு கரைக்குள்ளும் நன்றாகப் புதைத்து வையுங்கள். பெரும்பாலும் தடுப்பு உடைவதில்லை. நீர் ஓரத்தை அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விடுகிறது. துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை நட்டு நீர்மட்டம் பாருங்கள். வறண்ட மாதத்திலும் ஒரு சாண் ஆழத்துக்குள் நின்றால் வேலை பலித்தது.

சுற்றியுள்ள சீகையை, அதாவது வாட்டில் என்னும் அயல்நாட்டு மரத்தை, வெட்டுவது அவசரமான வேலை. ஆனால் வேரோடு பிடுங்க இயந்திரம் வேண்டாம்: மண் கிளறினால் பல ஆண்டுகளாக உறங்கும் விதைகளெல்லாம் முளைக்கும். வெட்டிய பிறகும் சில ஆண்டுகள் கன்றுகளைக் கையால் பிடுங்கத்தான் வேண்டும். இதற்கு யாரும் நிதி ஒதுக்குவதில்லை, வெட்டும் நாளுக்கு மட்டும் கேமரா வரும்.

சுற்றுச்சூழல் தினத்துக்கு இங்கே மரக்கன்று நடுவதும் கெடுதல்தான். மரம் நீரை இழுக்கும், நிழல் விழுந்து சதுப்புப் புல் அழியும். தோடர்கள் கோவில் கூரைக்கு வேய்வது அந்தப் புல்லைத்தான்.