முனை ஒன்றானது, உள்ளே இருப்பது?

எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு துணிப்பை நிறையப் பழைய சார்ஜர்கள் கிடக்கின்றன. நோக்கியாவின் பெரிய பின், சின்ன பின், கேமராவோடு வந்த மினி யூஎஸ்பி, மைக்ரோ யூஎஸ்பி மூன்று, எதனோடு வந்தவை என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லாத உருண்டை முனைகள் நான்கு. இவற்றில் பெரும்பாலானவை இன்றும் வேலை செய்யும். கருவிகள்தாம் போய்ச் சேர்ந்துவிட்டன. நன்றாக இருக்கும் ஒரு பொருளை முனை பொருந்தவில்லை என்பதற்காக மட்டுமே குப்பையாக்கும் இந்த வழக்கம் வீண்செலவு என்பதை உணர, எனக்கு அந்தப் பையின் கனமே போதுமானதாக இருந்தது. வீசப்படும், பயன்படாமல் கிடக்கும் சார்ஜர்களால் தங்கள் நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது என்று ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது.

ஆகவே, எல்லாக் கருவிகளுக்கும் யூஎஸ்பி சி என்ற ஒரே முனை வந்ததை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அது நிறுவனங்களின் நல்லெண்ணத்தால் மட்டும் முழுமையாக வந்துவிடவில்லை. 2009இல் ஐரோப்பாவில் செல்பேசி நிறுவனங்கள் தாமாக முன்வந்து மைக்ரோ யூஎஸ்பியை ஏற்பதாகக் கையெழுத்திட்டன. முப்பதளவில் இருந்த சார்ஜர் வகைகள் மூன்றாகக் குறைந்தன. எனினும், தனி அடாப்டர் கிடைத்தால் போதும் என்ற சலுகையும் அதிலேயே இருந்தது. ஆப்பிள் 2012இல் தனக்கென லைட்னிங் முனையைக் கொண்டுவந்து, அடாப்டரைத் தனியே விற்றது. பிறகு 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 602 வாக்குகள் ஆதரவாகவும் 13 வாக்குகள் எதிராகவும் பதிவாக, சி முனையைக் கட்டாயமாக்கும் சட்டத்தையே நிறைவேற்றியது. மறு ஆண்டு வெளியான ஐபோன் 15இல் சி முனை இருந்தது.

கட்டாயத் தரநிலை புதுமையைத் தடுக்கும் என்ற வாதத்தை ஆப்பிள் உள்ளிட்டோர் முன்வைத்தார்கள். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்துக்கு சி முனையின் வரலாறே மறுப்பு. 2014இல் வரையறுக்கப்பட்ட அதே 24 தொடுபுள்ளிகள் கொண்ட முனை வழியாக, 2021இல் வந்த திருத்தத்தின்படி 240 வாட் வரை மின்சாரம் செலுத்த முடிகிறது. வெளித்தோற்றம் மாறாமலே உள்ளே வளர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

என் குறை வேறு. சென்ற ஆண்டு மின்வெட்டு நேரத்துக்கென்று அம்மாவுக்கு ஓர் எமர்ஜென்சி விளக்கு வாங்கினேன். சி முனை கொண்டதுதான். இருபுறமும் சி முனை உள்ள என் புதிய கேபிளில் செருகினால் அதற்குச் சார்ஜ் ஏறவே இல்லை. கடைக்காரர் மாற்றித் தந்த இரண்டாவது விளக்கும் அப்படியே. பையில் கிடந்த பழைய சார்ஜரையும், ஒருபுறம் பட்டையான பழைய ஏ முனை கொண்ட கேபிளையும் எடுத்துச் செருகியபோது உடனே சிவப்பு விளக்கு எரிந்தது.

காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். பழைய ஏ துளையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். சி துளை அப்படியன்று, எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகே சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். மிகச் சொற்ப விலையுள்ள அந்த ரெசிஸ்டர்களை விட்டுவிட்டு, துளையை மட்டும் சி வடிவில் பொருத்தி விற்கிறார்கள்.

நம் வீட்டுச் சுவரில் 5 ஆம்பியர் பிளக்கும் 15 ஆம்பியர் பிளக்கும் அளவிலேயே வேறுபடுவதால், எது எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சி முனையில் கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை; தாங்கும் திறனை சார்ஜரும் கருவியும் கேபிளும் தமக்குள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். 3 ஆம்பியருக்கு மேல் செல்ல வேண்டுமானால் கேபிளுக்குள் அதற்கென ஒரு சிப் இருக்க வேண்டும். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கேபிள்களில் ஒன்று நொடிக்கு 480 மெகாபிட்டும் மற்றது 40 ஜிகாபிட்டும் கடத்தக்கூடும். இதை மேலே அச்சிடாமல் விற்பவர்களை என்ன சொல்வது?

ஐரோப்பியச் சட்டம் இந்த இடத்தைச் சரியாகவே தொட்டிருக்கிறது. 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும் கருவி, தன் நிறுவனத்துக்கென்று தனி வேகச் சார்ஜிங் முறையை வைத்திருந்தாலும், பவர் டெலிவரி என்ற பொது முறையையும் ஏற்றாக வேண்டும். எத்தனை வாட் தேவை என்பதைப் பெட்டியின் மேல் குறிப்பிட வேண்டும். சார்ஜர் இல்லாமல் கருவியை மட்டும் வாங்கும் வாய்ப்பையும் தர வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் செல்பேசி, டேப்லெட், ஹெட்போன் முதலியவற்றுக்கு அது நடைமுறைக்கு வந்தது; மடிக்கணினிகளுக்கான தேதி 2026 ஏப்ரல் 28.

இந்தியாவில் சி முனைக்கான தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. அதைக் கட்டாயமாக்கும்போது செல்பேசியோடும் மடிக்கணினியோடும் நின்றுவிடாமல், முந்நூறு ரூபாய் விளக்கையும் கழுத்து விசிறியையும் டிரிம்மரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பெரிய நிறுவனங்களின் கருவிகள் எப்படியோ சரியாகிவிடும். ஏமாறுபவர் மலிவான பொருளை வாங்குபவர்தான்.

துணிப்பையை மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது அந்த ஒரு பழைய சார்ஜரை மட்டும் எடுத்து, "விளக்குக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டி, அம்மாவின் அறையில் வைத்திருக்கிறேன்.