ஊரடங்கில் குடும்பமாக ஆடணும்னா கோலாட்டம் ஆடுங்க

2021-இல் தமிழ்நாட்டில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது. மே 10-இல் தொடங்கியது. 24-இலிருந்து இன்னும் இறுக்கம், காய்கறி வண்டி தெருவுக்கு வந்தால்தான் தக்காளி என்று ஆனது. முந்தைய வருடம் போலவே, வீட்டுக்கு வீடு சினிமாப் பாட்டுக்கு ஸ்டெப் போடும் வீடியோக்களும் வர ஆரம்பித்தன. ஆடுவதில் தப்பே இல்லை. எதை எடுத்து ஆடுகிறோம் என்பதில்தான் என் சண்டை.

சினிமா நடனம் கேமராவுக்காகக் கட்டியது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டியதை, நாம் ஒரே மூச்சில் ஆடப் பார்க்கிறோம். இரண்டு வரிக்கு ஒரு ஸ்டெப் மாறும். மூன்றாவது ஸ்டெப்பில் பாட்டி நாற்காலிக்குப் போய்விடுவார். ஐந்தாவதில் அப்பா, "நான் வீடியோ எடுக்கிறேன்" என்று போனைப் பிடித்துக்கொண்டு தப்பிப்பார். கடைசியில் ஆடுவது பதினைந்து வயதுப் பெண்ணும், அவளைப் பார்த்துத் தாமதமாகக் கையைத் தூக்கும் தம்பியும். போதாததற்கு எல்லோரும் ஒரே வரிசையில் போனைப் பார்த்து நிற்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஆட்டம் குடும்ப ஆட்டமாகுமா?

2020-இல் உலகம் முழுக்கப் பரவிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் மாஸ்டர் கேஜியும் நோம்செபோவும் சேர்ந்து தந்த 'ஜெருசலேமா' பாட்டு. அதற்கு அங்கோலாவில் ஒரு குழு, கையில் சாப்பாட்டுத் தட்டோடு ஆடியது. 2020 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க அதிபர் ரமபோசாவே, மரபு தினத்துக்கு எல்லோரும் இதை ஆடுங்கள் என்று மக்களிடம் சொன்னார். நர்ஸ்கள் ஆடினார்கள், கன்னியாஸ்திரிகள் ஆடினார்கள். காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. சின்னதாக ஒரு காலடிக் கோர்வை, முடிந்ததும் கால்பங்கு வட்டம் திரும்பி அதையே மறுபடி. விட்டவர் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம்.

அந்தச் சூத்திரம் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. நம்முடையதில் ஒருவரையொருவர் பார்க்கவும் செய்வோம், சத்தமும் உண்டு. கோலாட்டம்! குஜராத்தில் தாண்டியா, மலபாரில் கோல்களி, மட்டக்களப்பில் வசந்தன் என்று பக்கத்து ஊர்களிலும் கோல் தட்டும் ஆட்டங்கள் இருக்கின்றன. நாம்தான் அதைப் பள்ளி ஆண்டுவிழாவோடும் நவராத்திரியோடும் மூட்டை கட்டிவிட்டோம்.

முதலில் கோல். ஊரடங்கில் கடை திறந்திருக்காது, அதனால் வீட்டில் இருப்பதை வைத்துச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு 14 அங்குலம், பத்து வயதுக்குக் கீழே 11 அல்லது 12. கனம் முக்கால் அங்குலம் போதும். வயரிங் வேலையில் மிச்சமான முக்கால் அங்குல பிவிசி பைப் 10 அடித் துண்டு கிடைத்தால் எட்டுக் கோல் வரும், நாலு பேருக்குச் சரி. ஆக்சா பிளேடால் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு நுனியிலும் இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. பழைய மாப் கட்டை 4 அடி என்றால் மூன்று கோல் தேறும். ஒட்டடைக் கம்பு மூங்கிலாக இருந்தால் சத்தம் அருமையாக இருக்கும். ஆனால் கணு நுனிப்பக்கம் வருகிற மாதிரி அறுங்கள். கணு இல்லாத நுனி பத்தாவது நிமிடம் பிளந்து கையில் சிராய் ஏற்றும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்றால் செய்தித்தாள் கோல்தான் வழி. ஏழெட்டுத் தாளை இறுக்கிச் சுருட்டிப் பசை தடவி ஒரு நாள் காயவிடுங்கள். சத்தம் 'டொக்' என்று அமுங்கி வரும், அடிபட்டாலும் வலிக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு இதையே கொடுங்கள்.

எல்லோருடைய வலதுகைக் கோலிலும் ஒரு சிவப்பு நூலையோ ரப்பர் பேண்டையோ சுற்றிவிடுங்கள். எதிரெதிரே நிற்கும்போது வலது எது இடது எது என்று குழம்பாத மனிதர் கிடையாது, பெரியவர்கள்தான் கூடுதலாகக் குழம்புவார்கள். "சிவப்பு, வெறும், ரெண்டும்" என்று சொல்லிக்கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

பிடி. இங்கேதான் விரல்கள் தப்புவதும் நசுங்குவதும். கோலின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். அடிநுனியைப் பிடித்தால் கோல் சுழன்று எங்கோ போகும். நடுவில் பிடித்தால் தட்டுமிடம் கைக்குப் பக்கத்தில் வந்து எதிராளியின் விரல் முட்டியைப் பேர்க்கும். தட்டுவது மேல்பாகத்தில், இரண்டு கோலும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே விழ வேண்டும். இணையாக விழுந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நேராக விரலுக்கு வரும். முழங்கையை வீசாதீர்கள், மணிக்கட்டு திரும்பினால் போதும். கோலாட்டத்தில் அடிப்பது என்று ஒன்று கிடையாது, தட்டுவது மட்டும்தான். உயரமானவரும் குட்டையானவரும் ஜோடியானால், தட்டுமிடம் குட்டையானவரின் தோள் உயரத்தில் இருக்கட்டும். அப்பா நின்ற வாக்கில் மேலிருந்து இறக்கினால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும், அத்தோடு தாளம் போச்சு. மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

இடம். நாலு பேருக்கு 9 அடிக்கு 9 அடி வேண்டும். சோபாவைச் சுவரோரம் தள்ளினால் சாதாரண ஹாலில் கிடைத்துவிடும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். ஐந்தரை அடி ஆள் கையைத் தூக்கினால் ஏழு அடியைத் தொடுவார், அதற்குமேல் கோல் முக்கால் அடி. விசிறி இறக்கை அங்கேதான் சுற்றுகிறது. மொட்டை மாடி என்றால் ஆறு மணிக்கு மேல் போங்கள், கத்திரி வெயிலில் வெந்த தளம் அதற்கு முன் வெறுங்காலை வைக்க விடாது.

அடவுக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஆடும் அசைவுக் கோர்வைக்கு வருவோம். எட்டு எண்ணிக்கை, ஜதி: தகதிமி தகஜொணு. 'த', குனிந்து தன் கோல் இரண்டையும் முழங்கால் உயரத்தில் தட்டு. 'க', நிமிர்ந்து நெற்றி உயரத்தில் தன் கோலைத் தட்டு. 'தி', சிவப்பு எதிராளியின் சிவப்போடு. 'மி', தன் கோல். 'த', வெறும் எதிராளியின் வெறுமோடு. 'க', தன் கோல். 'ஜொ', இரண்டு கோலும் எதிராளியின் இரண்டோடும் நேருக்கு நேர். 'ணு'வில் தட்டு கிடையாது, அது திரும்புவதற்கான இடம்.

யாரிடம் திரும்புவது? நாலு பேரும் ஒரு சதுரத்தின் நாலு மூலையில், மூன்றரை அடி இடைவெளியில் நில்லுங்கள். முதல் எட்டில் பக்கவாட்டு ஜோடி. 'ணு'வில் ஒவ்வொருவரும் கால்வட்டம் திரும்பி அடுத்த மூலையில் இருப்பவரைப் பாருங்கள். அடுத்த எட்டு அவரோடு. மறுபடி 'ணு'வில் பழைய ஜோடி. யாரும் இடம்விட்டு நகரவே வேண்டாம். முழங்கால் வலி உள்ள பாட்டி ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே முழு ஆட்டமும் ஆடலாம், குனிவதை மட்டும் விட்டுவிடட்டும். அவரைப் பார்வையாளர் ஆக்காதீர்கள். ஒரே ஒரு விதி: திரும்பும்போது எப்போதும் சதுரத்தின் நடுப்பக்கமாகவே திரும்ப வேண்டும். முதுகைக் காட்டிச் சுற்றினால் முக்கால் வட்டம் ஆகிவிடும், அடுத்த 'த'வுக்கு வந்து சேர முடியாது. முதல் இரண்டு நாள் நடக்கும் தப்பில் பாதி இதுதான்.

மூன்று பேர், ஐந்து பேர் உள்ள வீடுகள் கவலைப்பட வேண்டாம். ஜோடிதான் கட்டாது, வட்டம் கட்டும். எல்லோரும் நடுவைப் பார்த்து நின்று இரு கையையும் விரித்தால், என் வலதுகோல் வலப்பக்கத்தவரின் இடதுகோலைத் தொடும், என் இடதுகோல் இடப்பக்கத்தவரின் வலதுகோலை. ஆகவே 'தகிட' என்று மூன்றாக எண்ணி, 'த'வில் இரு பக்கமும், 'கிட' இரண்டும் தன் கோலில். எத்தனை பேர் என்றாலும் சரிவரும். கும்மிப் பாட்டுகள் பல இந்த மூன்று நடையில் ஓடுவதால் பாட்டுக்கும் பஞ்சமில்லை.

பழகும் வரிசையில் அவசரப்படாதீர்கள். முதல் நாள் கோலைத் தொடவே வேண்டாம், தரையில் எதிரெதிரே உட்கார்ந்து வெறும் கையால் அந்த எட்டையும் தட்டுங்கள். பிள்ளைகளுக்கு இது கைதட்டு விளையாட்டுதான், பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அரைமணி ஆகும். இரண்டாம் நாள் உட்கார்ந்தபடியே கோல். மூன்றாம் நாள் நின்று, காலை அசைக்காமல். காலடி அதற்குப் பிறகுதான்: 'தி'யில் வலதுகால் அரையடி முன்னே, 'மி'யில் பின்னே. இரண்டாவது 'த'வில் இடதுகால் முன்னே, 'க'வில் பின்னே. 'ஜொ'வில் முழங்காலைச் சற்று மடக்கு. கையும் காலும் ஒரே நாளில் கற்க முயன்றால் இரண்டும் வராது, வீட்டில் சண்டை மட்டும் வரும்.

தாளத்துக்கு ஆப் எதுவும் தேவையில்லை. டிக் டிக் என்று ஓடும் சுவர்க் கடிகாரம் நிமிடத்துக்கு 60. ஒரு டிக்குக்கு ஒரு எழுத்து. அந்த வேகத்தில் பத்துச் சுற்று தப்பாமல் வந்தபிறகு 80, அப்புறம் 100. கோலாட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு, யாரும் கேட்காமலே வேகம் ஏறிக்கொண்டே போகும். சத்தம் கூடக் கூட ரத்தம் சூடாகி, எதிராளி தட்டுவதற்குள் நாம் தட்டப் பார்ப்போம். ஐந்து பேர் இருந்தால் ஒருவர் ஆட்டத்திலிருந்து விலகி மணைக்கட்டையில் தாளம் போடட்டும். வேகம் அவர் கையில் மட்டும். பாட்டு வைக்கும் முன் அதன்மேல் 'தகதிமி தகஜொணு' சொல்லிப் பாருங்கள், வரி முடிவதும் 'ணு' முடிவதும் ஒன்றாக வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எவ்வளவு பிடித்த பாட்டானாலும் விட்டுவிடுங்கள்.

ஒரு வாரத்தில் இது கைவந்துவிடும். அதற்குமேல் ஆசை இருந்தால் பின்னல் கோலாட்டம். ஆந்திரத்தில் ஜட கோலாட்டம், கோவாவில் ஷிக்மோ திருவிழாச் சமயத்தில் ஆடும் கோஃப், எல்லாம் இதே குடும்பம். மேலே ஒரு புள்ளியில் கட்டிய கயிறுகளை ஆடியபடியே சடையாகப் பின்னி, அப்படியே பிரிப்பது. என்னைக் கேட்டால் ஊரடங்குக்கென்றே பிறந்த ஆட்டம் இதுதான், ஒருவர் கவனம் சிதறினாலும் மேலே அழகாகத் தெரிந்துவிடும்.

ஹாலில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் பாதி வேலை முடிந்தது. விசிறியில் கட்டவே கூடாது, கம்பியிலும் சரி, இறக்கையிலும் சரி. கயிற்றுக்குப் பழைய பருத்திச் சேலை. 18 அடி நீளத்தை இரண்டாக வெட்டினால் 9 அடி, அதை நீளவாக்கில் 6 அங்குலப் பட்டைகளாகக் கிழியுங்கள். 9 அடி உயரக் கொக்கிக்கு இந்த நீளத்தில் மூன்றடிச் சடை வரும். இரண்டு நிறச் சேலை எடுங்கள், நாலு பேருக்கு நிறத்துக்கு இரண்டு பட்டை. நைலான் வேண்டாம், வழுக்கும், கையையும் அறுக்கும். ஆட்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், இங்கே தப்பிக்க வழியில்லை.

ஒரு நிறத்தவர் வலமாக, மறுநிறத்தவர் இடமாக, மாறி மாறி நில்லுங்கள். முதலில் எதிர்வருபவரை வலமாகப் போகிறவர் வெளிப்பக்கமாகக் கடக்க வேண்டும், அடுத்தவரை உள்பக்கமாக. பிறகு வெளி, உள் என்று மாறிக்கொண்டே போகும். இடமாகப் போகிறவருக்கு இது அப்படியே தலைகீழ். உள்ளே போகிறவர் குனிய, வெளியே போகிறவர் கயிற்றைத் தூக்க வேண்டும். வாய்விட்டு "வெளி, உள், வெளி, உள்" என்று சொல்லுங்கள், மனசுக்குள் எண்ணுகிறவர்தான் முதலில் தப்புவார். கயிறு எப்போதும் லேசான இழுப்பில் இருக்கட்டும். தொய்ந்தால் சடை பொதபொதவென்று ஆகும், ஒருவர் மட்டும் இழுத்தால் அவர் பக்கம் சாயும். முதல் தடவை கோலை ஓரமாக வைத்துவிட்டுக் கயிறும் நடையும் மட்டும் போதும்.

16 கடப்பில் நிறுத்துங்கள். இனிப் பிரிப்பது. எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்பி, கடைசியாகக் கடந்தவரையே முதலில் கடக்க வேண்டும், கடைசியாக எந்தப் பக்கமோ அதே பக்கமாக. 16 என்பது இரட்டை எண், அதனால் வலமாகப் போனவரின் கடைசிக் கடப்பு 'உள்'. பிரிக்கும்போதும் அவர் 'உள்' என்றே தொடங்க வேண்டும். பழக்க தோஷத்தில் 'வெளி' என்று தொடங்கிவிடுவார். நாலு கடப்புக்குள் மேலே முடிச்சு விழும். அப்போது யாரும் இழுக்காதீர்கள், வெட்டியெறிய வேண்டியதாகிவிடும். தப்பியவர் தன் கயிற்றைக் கீழே விடட்டும், மற்ற மூவரும் கடைசிக் கடப்புகளைப் பின்னோக்கி நடக்கட்டும், முடிச்சு தானாகத் தளரும். யார் தப்பியது என்ற விசாரணை மட்டும் அன்று இரவு முடியாது, அதற்கு நான் பொறுப்பில்லை.