அடிக்கடி மாற்றினால் பாதுகாப்பா?
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றினாலே பாதி ஆபத்து போய்விடும் என்று இணையப் பாதுகாப்பு பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017லேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் இப்படிக் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று தன் வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது, 2019ல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இந்தக் கெடுவை எடுத்துவிட்டது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இந்த விதி இருந்தது, பலரும் பழைய கடவுச்சொல்லின் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டே போவார்கள், பழையது கையில் கிடைத்தவனுக்குப் புதியதை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பெரிய ஆபத்து ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பதுதான். ஏதோ ஒரு சின்னத் தளத்திலிருந்து பட்டியல் திருடு போனால், அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கவே நிரல்கள் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு நீளமான கடவுச்சொல், நினைவில் நிற்காவிட்டால் அவற்றைச் சேமித்து வைக்கும் செயலியான ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர், முக்கியமாக மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு, கைபேசிக்கு வரும் எண் போன்ற இன்னொரு சான்றையும் கேட்பது) வேண்டும், ஏனென்றால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பு அங்கேதான் வருகிறது. இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைப்பது முட்டாள்தனம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, வீட்டில் பூட்டி வைத்த நோட்டை இணையத் திருடன் எட்ட முடியாது, செயலிகள் பழகாத வயதானவர்களுக்கு அதுவே சரிப்பட்டு வரும். அப்புறம், கசிந்தது தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், ஹேவ் ஐ பீன் பவ்ன்ட் தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அதுவரை தெரியவந்த கசிவுகளில் அது இருக்கிறதா என்று இலவசமாகவே பார்க்கலாம்.