இடம் மாற வேண்டியது அந்தப் பிள்ளை இல்லை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். முதல் ஒன்பது வருஷம் செக்கிங் டேபிள். இப்போது வேறொரு கம்பெனியில் ஆபீஸ் வேலை. அங்கே, பெண்களுக்கு வேலையிடத்தில் நடக்கும் பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கிற உள்ளகப் புகார்க் குழுவிலும் இருக்கிறேன்.

செக்கிங்கில் நின்றவர்களுக்குத் தெரியும். ட்யூப்லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்கும்போது கண் முழுக்கத் துணியில் இருக்கும். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் பின்னாலிருந்து வருவான். "இந்த டேமேஜ் தெரியலையா?" என்று தோளுக்கு மேலே கையை நீட்டுவான். டேபிளுக்கு அந்தப் பக்கம் காலியாகத்தான் கிடக்கும். என் பக்கத்தில் நின்ற பத்தொன்பது வயதுப் பிள்ளை, கோபிப் பக்கத்துக்காரி, கொஞ்ச நாளில் தூணுக்கு முதுகைக் கொடுத்து நிற்கப் பழகிவிட்டாள். அங்கே வெளிச்சம் பத்தாது. டேமேஜ் தப்பும், திட்டு விழும். அதையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். அவர் கெட்டவர் இல்லை. "நீ பேக்கிங்குக்குப் போயிரு கண்ணு, பிரச்சினை முடிஞ்சுதுல்ல" என்றார். பேக்கிங்கில் ஷிப்ட் கூலி குறைவு. அவன் அதே டேபிளில்தான் இருந்தான். மூன்று வாரத்தில் அவள் வேலையை விட்டுவிட்டாள். ஊருக்கு அவள் போய்ச் சேரும் முன்னே பேச்சு போய்விட்டது. நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை சம்பளத்துக்கு ஷிப்ட் கணக்கு எழுதுகிறவன் அவன். அந்தப் பயத்தை நினைத்தால் இப்போதும் மனசு அறுக்கிறது.

வேலையிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்க 2013-ல் வந்த சட்டத்தைக் குழுவில் சேர்ந்த பிறகுதான் முழுதாகப் படித்தேன். விசாரணை முடியும்வரை, பாதிக்கப்பட்ட பெண் எழுதிக் கேட்டால், அவரையோ எதிராளியையோ இடம் மாற்றக் குழு சொல்லலாம். மூன்று மாதம் வரை லீவும் வாங்கித் தரலாம், அது அவருக்கு உள்ள லீவில் கழியாது. மாறுவது யார் என்று அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் கேட்காமலே அவளைத் தூக்கி வைத்துவிட்டு, நல்லது செய்துவிட்டதாக நினைக்கிறோம்.

"பொய்யாப் புகார் கொடுத்தா என்னங்க பண்றது?" என்று எல்லா மீட்டிங்கிலும் ஒருவர் கேட்பார். தெரிந்தே பொய் சொன்னது விசாரணையில் நிரூபணமானால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல ஆள் வரவில்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது, அதையும் சட்டமே சொல்கிறது. அப்புறம், பெரிய மனுசங்களை வைத்துப் பேசிக் கையில் ஏதோ பணம் கொடுத்து முடிக்கிற பழக்கம். சமரசம் அந்தப் பெண் கேட்டால் மட்டும்தான். அப்போதும் பணம் பேசக் கூடாது.

கம்பெனியில் பத்துப் பேர் வேலை பார்த்தாலே குழு வைத்தாக வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். வீட்டு முன்னால் ஷெட் போட்டு நாலு பவர் டேபிள், அதாவது தையல் மிஷின், ஓட்டுகிற யூனிட்டில் என்ன செய்வது என்று கேட்பார்கள். அவர்களுக்காக மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ளூர்க் குழு உண்டு. முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கே போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவது குழுவின் கடமை. அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடிக்கலாம்.

நான் சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் குழுவின் அறிவிப்பு ஆபீஸ் வாசலில், இங்கிலீஷில், வேலையை விட்டுப் போன ஒருவரின் நம்பரோடு தொங்கியது. ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கு அது போதும். நடுவாசலில் நின்று அதைப் படிக்கிற பெண்ணை யார் யார் பார்ப்பார்கள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. தமிழில் எழுதி, என் நம்பரைப் போட்டு, லேடீஸ் பாத்ரூம் கதவுகளின் உள்பக்கம் ஒட்டினேன். முதல் மாதத்தில் இரண்டு போன் வந்தது. இரண்டு பேரிடமும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "உனக்கு எங்கே வேலை செய்யணும், சொல்லு சாமி." இரண்டு பேருமே, இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள்.