ரெஜிஸ்ட்ரியில் எண்ணை மாற்றினால் கிராபிக்ஸ் மெமரி அதிகரிக்காது

“லேப்டாப்பில் கிராபிக்ஸ் மெமரி 128 எம்பிதானா? ரெஜிஸ்ட்ரியில் இன்டெல் பகுதிக்குள் ‘டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ்’ மதிப்பை 512 ஆக்குங்கள், கேம் பறக்கும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. (ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்.) இந்தச் செய்தி தவறு.

அந்த மதிப்பு, கேம்களுக்குச் சொல்லப்படும் எண்ணை மட்டுமே மாற்றுகிறது. மெமரி குறைவு என்று திறக்க மறுத்த சில கேம்கள் அதனால் திறக்கலாம். இந்த வதந்தி நிலைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் வேகம் துளியும் அதிகரிக்காது. யுஎச்டி 620 போன்ற இன்டெல் கிராபிக்ஸ் சிப்புகளுக்குத் தனி மெமரியே கிடையாது. தேவைப்படும்போது ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன, ஏறக்குறைய பாதி வரை. 8 ஜிபி ரேம் என்றால் சுமார் 4 ஜிபி.

நீங்களே பார்க்கலாம்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியுவை (கிராபிக்ஸ் சிப்) சொடுக்குங்கள். ‘ஷேர்டு ஜிபியு மெமரி’ என்று அந்த அளவு இருக்கும்.

சரி, நிஜமாகவே வேகம் வேண்டுமா? ஒரே ரேம் போட்ட லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருந்தால் இன்னொன்று போடுங்கள்; இரண்டு ரேமும் சேர்ந்து இயங்கும் இரட்டைச் சேனலில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிரைவரை (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலோ இன்டெல் தளத்திலோ மட்டும் எடுங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் கை தவறினால் விண்டோஸே திறக்காமல் போகலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் சொல்லிவிடுங்கள்.